ஜமுனாமரத்தூரில் ஒரு புலி

ஜவ்வாது மலையில் புலி கிடையாது. கரடி உண்டு. சிறுத்தை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். காட்டுப்பன்றிக்குப் பஞ்சமே இல்லை. புலி மட்டும் இல்லை. ஆனால் 2018-ல், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம், ஜமுனாமரத்தூரில் ஒரு புலி இருந்தது. அடியேன் வாடகைக்குக் குடியிருந்த அறையில், கட்டிலுக்கு அடியில். மூக்கு நுனியிலிருந்து பின்பக்கம் வரை நீளம் 24 சென்டிமீட்டர்.

அது எப்படி மலையேறி வந்தது, யாரிடம் மாட்டிக்கொண்டது, கடைசியில் யாரிடம் தோற்றது என்பதுதான் இந்த வாரம்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு 'டெபுடேஷன்' என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டாம். "ஆறே மாசம்தான், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று முதுகில் தட்டி அனுப்புவார்கள். அனுப்பினவர் அடுத்த மாதம் ரிடையராகிவிடுவார். நம்மை அனுப்பினது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படித்தான் நான் போளூரில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் போய் இறங்கினேன். பையன் பத்தாம் வகுப்பு. எனவே சகதர்மிணி சென்னையில்.

மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் மூடும். ஆறரைக்கு மலை இருட்டிவிடும். ஏழு மணிக்குக் குளிர் போர்வைக்குள் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். தனியாக ஓர் ஆண்பிள்ளை என்னதான் செய்வான்? சிலர் சீட்டாடுவார்கள். சிலர் வேறு ஏதாவது ஆரம்பிப்பார்கள். நான் டாங்கி ஒட்ட ஆரம்பித்தேன்.

சிரிக்காதீர்கள். இது சின்ன வயதுப் பைத்தியம். பிளாஸ்டிக்கில் செய்த துண்டு துண்டான பாகங்களை வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து, நிஜ ராணுவ டாங்கியைப் போலவே சின்னதாக நிறுத்துகிற வேலை. ஜன்னல் கம்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதில் பாகங்கள் முருங்கைக்காய் மாதிரி தொங்கும். நல்ல மாடல்காரர்கள் அதற்கென்று தனிக் கத்திரி வைத்திருப்பார்கள். என்னிடம் நகவெட்டிதான்.

இதில் எல்லா நாட்டு வண்டியும் கிடைக்கும். ஆனால் மாடல்காரர்கள் பத்துப் பேர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிதான் ஜெயித்தது என்று நினைத்துவிடுவீர்கள். டைகர், பாந்தர், எலிஃபன்ட் என்று ஒரு மிருகக்காட்சி சாலையே நிற்கும். ஜெயித்த ரஷ்யாக்காரனின் டி-34 ஓரமாக, கல்யாண வீட்டில் ஏழை மாமா மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஜெர்மன் மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு ஜப்பான் கம்பெனி. ஷிஸுவோகா நகரத்து டாமியா. மரக்கட்டை வியாபாரத்தில் ஆரம்பித்து, மர பொம்மைக்குத் தாவி, அங்கிருந்து பிளாஸ்டிக்குக்கு வந்தவர்கள். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியை ஒரு மோட்டார் பொம்மையாகச் செய்தார்கள். எத்தனையில் ஒரு பங்காகச் செய்வது என்று கணக்கு எதுவும் கிடையாது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான். செய்து முடித்து அளந்து பார்த்தால், நிஜத்தில் சுமார் 35-ல் ஒரு பங்கு வந்தது. பேட்டரிக்காக வந்த அந்த 35 பிறகு உலகம் பூராவுக்கும் சட்டமாகிவிட்டது. நம் ஆபீஸ்களில் பாதி விதிமுறை இப்படி வந்ததுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சரி, டைகருக்கு வருவோம். நான் வாங்கினது டைகர்-1. விலையை இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது. கூரியர்காரர் மலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட, சனிக்கிழமை நானே போளூர் போய்ப் பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன்.

வந்த சந்தோஷத்தை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே? எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் டீக்கடை பெஞ்சின் இடது ஓரம். அதுவும் கொஞ்சம் உரக்கப் பேசினால்தான் கேட்கும். அங்கே உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் சக பைத்தியத்துக்குப் போன் போட்டேன்.

"டைகர் வந்தாச்சுப்பா! ஆமா, போளூர்லேர்ந்து நானே தூக்கிட்டு வந்தேன். பஸ்லதான். யாரும் கண்டுக்கலை... இல்லை இல்லை, இன்னும் வெட்டலை. இன்னிக்கு ராத்திரி வெட்டிடுவேன். தலை தனியா இருக்கு... மஞ்சள்தானே அடிக்கணும்? சரி சரி. பாந்தரை அடுத்த மாசம் பாத்துக்கலாம். வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது!"

டீக்கடையில் சத்தம் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்திலேயே நின்றதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரை மணி. வெளியே மழை. கதவு தட்டப்பட்டது. திறந்தால், காக்கி உடுப்பு, கையில் டார்ச் லைட், தலையில் பிளாஸ்டிக் உறை. வனத்துறைக் காவலர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கீழே அமிர்தி பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது.

"சார் தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒரு தகவல் வந்துக்கீது."

"என்ன தகவல்?"

"உங்க ரூம்ல புலி கீதாமே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"தல தனியா, உடம்பு தனியான்னு சொன்னாங்க. அடுத்த மாசம் சிறுத்தையும் வருதாமே. சார், நீங்க கவர்மென்ட் உத்தியோகம். குடும்பஸ்தர். இதெல்லாம் ஜாமீன்ல வர்ற கேசு இல்ல சார்."

நான் பேசாமல் கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பெட்டியை இழுத்தேன். அவர் இரண்டடி பின்வாங்கினார். மூடியைத் திறந்தேன். டார்ச் வெளிச்சம் பெட்டிக்குள் விழுந்தது. சின்னச் சின்னச் சக்கரங்கள், ஒரு பீரங்கிக் குழல், எட்டணா அகலத்துக்கு ஒரு மூடி.

வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிளாஸ்டிக்கு."

"ஆமாங்க."

"இதுக்குத்தான் நான் மழையில மூணு கிலோமீட்டர் வந்தேனா?"

உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்று அவருக்குக் கவலை. 'புலி இருந்தது, ஆனால் ஒட்டப்படவில்லை' என்றா எழுத முடியும்? கவலையை மறக்கடிக்க நான் டைகரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மாடல்காரனிடம் ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் அவர் தொலைந்தார் என்று அர்த்தம்.

நிஜ டைகர் 57 டன். முன்பக்க இரும்பு 100 மில்லிமீட்டர் தடிமன். பீரங்கி 88 மில்லிமீட்டர். உள்ளே ஐந்து பேர். அது முதலில் வந்தபோது, எதிரி டாங்கி சுட்ட குண்டு பல சமயம் இதன் முகத்தில் பட்டுத் தெறித்துப் போகுமாம். ஆனால் தீனி? 540 லிட்டர் பெட்ரோல் குடித்துவிட்டு நல்ல ரோட்டில்கூட 200 கிலோமீட்டர் போகாது. ஒரு பக்கத்துக்கு 24 சக்கரம், ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். உள்சக்கரம் ஒன்று கெட்டால், வெளியே இருப்பதை எல்லாம் வரிசையாகக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் சக்கரங்களுக்கு நடுவே சேறு உறைந்துபோய், காலையில் வண்டி நகராது. ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் அகலம் அதிகம் என்று செயினைக் கழற்றி வேறு ஒடுக்கமான செயின் மாட்ட வேண்டும். வழியில் படுத்துவிட்டாலோ, இழுத்துப்போக மூன்று பெரிய வண்டிகள் தேவை. எல்லா ஆபீஸிலும் இப்படி ஓர் அதிகாரி இருப்பார். வந்தால் கட்டடமே நடுங்கும். ஆனால் அவரை ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்த மூன்று பேர் வேண்டும்.

"மொத்தம் எத்தினி செஞ்சான் சார்?"

"சுமார் 1,350. ரஷ்யாக்காரன் டி-34-ஐ சண்டை நடக்கும்போதே ஐம்பதாயிரத்துக்கு மேல செஞ்சுட்டான். அமெரிக்காக்காரன் ஷெர்மன் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம்."

"அப்புறம் எப்பிடி ஜெயிப்பான்?" என்றார் அவர். ராணுவ நிபுணர்கள் ஐந்நூறு பக்கம் எழுதி வருகிற இடத்துக்கு டீ ஆறுவதற்குள் வந்துவிட்டார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த டைகருக்கு இன்ஜின் செய்த கம்பெனி மேபாக். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய எம்.டி.யு. நம் ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி இருக்கிறதே, அதன் 1,400 குதிரைசக்தி இன்ஜின் அந்த எம்.டி.யு.தான். "ஆக, டைகர் நமக்கு ஒருவகையில தூரத்துச் சொந்தம்" என்றேன்.

"ஜெர்மன்காரன் சாமான் காவலூர்லயும் கீதுன்னு சொல்வாங்க சார். நட்சத்திரம் பாக்கறது."

அதுவும் உண்மைதான். இதே மலையில் காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் 1972-லிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்து கார்ல் ஜைஸ் செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. போர்க்காலத்தில் அதே ஜைஸ்தான் ஜெர்மன் ராணுவத்துக்குக் குறிபார்க்கும் கண்ணாடிகள் செய்து கொடுத்தது. கண்ணாடி ஒன்றுதான். எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். இதை நான் அப்போது மிகுந்த ஞானத்தோடு சொன்னேன். அரைமணி நேரத்தில் அந்த ஞானம் எனக்கே திரும்பி வரப்போகிறது என்று தெரியாமல்.

அவர் பெட்டியின் மூடியில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலைவனம், புழுதி, டைகரின் மேல்மூடியைத் திறந்து பாதி உடம்பு வெளியே தெரிய ஒரு ஜெர்மன் ஆபீஸர்.

"இத எதுத்துச் சண்ட போட்டது யாரு சார்?"

"இங்கிலீஷ்காரன், அமெரிக்காக்காரன், ரஷ்யாக்காரன்..." என்று விரல் விட்டேன்.

"எங்க தாத்தா போட்டாரே சார்."

மூன்றாவது விரல் அப்படியே நின்றது.

அம்மாவைப் பெற்ற தாத்தா. மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரில் சேர்ந்து, கப்பலேறி, "எகிப்து, அப்பறம் துனிசு" வரை போனவர். 1946-ல் திரும்பி வந்து மானாவாரி நிலத்தில் மல்லாட்டை போட்டு, 1989-ல் காலமானார். டாங்கியைப் பார்த்தாரா என்று பேரனுக்குத் தெரியாது. அவர் வேலை டாங்கிக்கு முன்னால்.

"கண்ணிவெடி எடுக்கறது சார். ஜெர்மன்காரன் மண்ணுல பொதச்சிட்டுப் போயிடுவான். இவங்க முன்னாடி போயி அத எடுத்தாத்தான் பின்னாடி பட்டாளம் வரும். நெஞ்சு தரையில பட, குப்புறப் படுத்துக்குவாராம். துப்பாக்கி முனைல சொருகற கத்தி கீது இல்ல, அத சாய்ச்சாப்ல மண்ணுல குத்திக் குத்திப் பாப்பாராம். நேரா குத்தக் கூடாது. டிக்குன்னு தட்டுச்சின்னா நிறுத்திக்கணும். அப்பறம் கையாலதான் மண்ணத் தள்ளணும். மல்லாட்டை பறிக்கிற மாதிரி, செடி ஒடியாம. எடுத்தப்பறமும் சும்மா தூக்கக் கூடாது. அடியில இன்னொண்ணு வெச்சிருப்பான்."

"ராத்திரிலயா?"

"ராத்திரிலதான் சார். பகல்ல சுடுவான் இல்ல? எடுத்த வழிக்கு ரெண்டு பக்கமும் வெள்ள நாடா கட்டிக்கினே போவாங்களாம். நாடாவுக்கு உள்ள கால் வெச்சா உயிரு. வெளிய வெச்சா இல்ல."

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, பெட்டிக்குள் பாகங்களை மெதுவாகப் புரட்டினார். ஜெர்மன் ஆபீஸர் பொம்மை, இரண்டாகப் பிளந்து, சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஜெர்மன்காரன் கீறான். எங்க தாத்தா எங்க சார்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, மழை விட்டதா என்று பார்த்துவிட்டு, போய்விட்டார். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சென்னை போனேன். என் அலமாரியில் ஜெர்மன் டாங்கிகளைப் பற்றி மட்டும் பதினோரு புத்தகங்கள். ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். டைகரின் பக்கவாட்டுத் தகட்டில் எத்தனை போல்ட் என்பது எனக்குத் தெரியும். துனிசியா போன டைகருக்கு அடித்த பெயிண்ட் பழுப்பா பச்சையா என்று உலகத்து மாடல்காரர்கள் வருஷக்கணக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுவது தெரியும். ஜெர்மனி 1943 பிப்ரவரியில் சாம்பல் நிறத்தை விட்டு மஞ்சளுக்கு மாறியது தெரியும். (இவள் அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது நேத்து வெச்ச பருப்பு ரசக் கலரு" என்றாள். அதற்குமேல் துல்லியமாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.) ஆனால் நான் வேலை பார்க்கிற மலையின் அடிவாரத்திலிருந்து ஒரு கிழவர் போய் அதன் பாதையில் குப்புறப் படுத்துக் கிடந்தது தெரியாது.

டாங்கிப் புத்தகங்களை ஓரங்கட்டிவிட்டு வேறு புத்தகங்கள் தேடினேன். இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராக வளர்ந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. வட ஆற்காடு அந்தக் காலத்திலிருந்தே பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த மாவட்டம். அமிர்திக்குப் போகிற பக்கத்தில் கம்மவான்பேட்டை என்றாலே வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் என்று இன்றைக்கும் பெயர். மெட்ராஸ் சாப்பர்ஸின் 12-வது ஃபீல்டு கம்பெனி, 4-வது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்காவில் இருந்தது. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. நம் தமிழ் தம்பிதான்.

1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமெய்னில் ரோம்மெலின் ஆட்கள் மண்ணில் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகள் நாலு லட்சத்துக்கும் மேல். டாங்கிக்கு வைப்பது சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, உள்ளே ஐந்து கிலோ வெடிமருந்தோடு. ஆளுக்கு வைப்பது வேறு ரகம்: மிதித்தால் இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழுந்து வெடிக்கும். போலந்து நாட்டு ஆபீஸர் ஒருவர் கண்டுபிடித்த மின்சாரக் கருவி அப்போதுதான் வந்திருந்தது. எல்லோருக்கும் போதுமான அளவு இல்லை. இல்லாதவர்களுக்குக் கத்திதான், விரல்தான்.

முத்தாய்ப்பு இதுதான். 1943 மே 12-ம் தேதி துனிசியாவில் ஜெர்மன் படைகளின் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது நம் 4-வது இந்திய டிவிஷனிடம். டைகர் ஓடிய அதே துனிசியா. என் பெட்டி மூடியில் படமாக இருந்த அதே பாலைவனம்.

மாடல்காரர்களைக் கேட்டால், "எங்களுக்கு அரசியல் வேண்டாம் சார், இன்ஜினியரிங்தான்" என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டைகரைச் செய்த ஹென்ஷெல் தொழிற்சாலையில், பிடித்து வரப்பட்ட வெளிநாட்டுக் கைதிகளும் அடிமைகளைப் போல வேலை வாங்கப்பட்டார்கள். ஜெர்மனியிலேயே இன்று இந்த மாடல் பெட்டிகளில் நாஜிச் சின்னத்தை அச்சடித்து விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அவனே வெட்கப்படுகிறான். நான் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, அவன் சக்கரத்துச் சேறு சரியாக வந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைகரை ஒட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை, இப்போதும் ஒட்டுகிறேன். எதிரே ஆள் இல்லாமல் அதை நிறுத்தி அழகு பார்த்ததுதான் உறுத்தியது.

மலைக்குத் திரும்பும்போது பையில் எம்-சீல், கொஞ்சம் செம்புக் கம்பி, இரண்டு குண்டூசி. 35-ல் ஒரு பங்கு என்றால் ஆள் உயரம் ஐந்து சென்டிமீட்டர். கம்பியை வளைத்துக் குப்புறப் படுக்க வைத்தேன். எம்-சீலை உருட்டிக் கை, கால். சின்னச் சட்டைப் பித்தான் ஒன்று தட்டுத் தொப்பியாக அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. குண்டூசி முனை கத்தி. காக்கிக்கு, பருப்பு ரசத்திலேயே கொஞ்சம் பழுப்பு கலந்தேன். டைகரை ஒட்ட எனக்கு ஒன்பது நாள் ஆனது. இந்த ஒரு ஆளைச் செய்யப் பதினாறு நாள். டாங்கிக்கு வழிமுறைக் காகிதம் உண்டு. ஆளுக்குக் கிடையாது. முதல் ஆள் தூங்குகிற மாதிரி இருந்தார். இரண்டாமவர் நீச்சலடித்தார். நாலாவது ஆள்தான் குத்திப் பார்க்கிற ஆளாக வந்தார்.

காவலரிடம் சொன்னேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா வந்துக்கீறாங்க சார், ஊர்லேர்ந்து. காட்டட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தார். எழுபதை நெருங்குகிற அம்மா. வெற்றிலைப் பை, முழங்கால் வலி. கட்டிலில் உட்கார மாட்டேன் என்று தரையிலேயே உட்கார்ந்தார். ஒரு பலகையில் மணலைப் பரப்பி, ஒரு பக்கம் டைகரையும், அதற்கு எதிரே ஒரு சாண் தள்ளி அந்த ஆளையும் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். தைத்த நூலில் ஒன்றை வெள்ளை நாடாவாக ஓட்டியிருந்தேன்.

அந்தம்மா டைகரை ஒரு பார்வை பார்த்தார். 57 டன், 88 மில்லிமீட்டர், 48 சக்கரம். ஒன்றுக்கும் மரியாதை இல்லை. குனிந்து ஆளைத்தான் பார்த்தார்.

"அப்பாவுக்கு மீசை இல்லியே சாமி."

"எடுத்துடறேம்மா."

"இருக்கட்டும். பட்டாளத்துல வெச்சிருந்தாரோ இன்னாவோ." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "இப்பத்தாண்டா எனக்குப் புரியிது. அவரு எங்க ஒக்காந்தாலும் மொதல்ல தரையைத் தடவிப் பாப்பாரு. திண்ணையோ, களமோ, கல்யாண வீடோ. உள்ளங்கைய வெச்சி மெதுவா, சுத்தி ஒருவாட்டி தடவிட்டுத்தான் ஒக்காருவாரு. சுத்தம் பாக்குறாருன்னு நெனச்சோம். 'இந்தாளு பெரிய தொரை, மண்ணு ஒட்டிக்கும்'னு எங்கம்மா சாவுற வரைக்கும் கிண்டல் பண்ணிச்சி."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வருஷம், தன் சொந்தத் திண்ணையில் உட்காருவதற்கு முன்னால் ஒரு மனிதர் தடவிப் பார்த்திருக்கிறார். என் பதினோரு புத்தகத்திலும் இது இல்லை.

கிளம்பும்போது டைகரோடு பலகையை அப்படியே நீட்டினேன். "எடுத்துட்டுப் போங்கம்மா, உங்களுக்குத்தான்." மனதுக்குள் விலை ஒருமுறை வந்து போனது. இல்லையென்று சொன்னால் பொய்.

"வண்டிய நீயே வெச்சிக்க சாமி. அது எனக்கு எதுக்கு? ஆள மட்டும் குடு."

மணலிலிருந்து அவரே இரண்டு விரலால் எடுத்தார். வெற்றிலைப் பையில், பாக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

டெபுடேஷன் ஆறு மாதம் என்பது பதினான்கு மாதமாகி முடிந்தது. டைகர் இப்போது சென்னையில், ஹால் அலமாரியில், அதே மணல் பலகையோடு நிற்கிறது. எதிரே ஒரு சாண் தள்ளி, மணலில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம். பார்க்க வருகிற மாடல் நண்பர்கள் எல்லோரும் சக்கரத்தைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் "இங்கே ஏதோ விழுந்துபோச்சு போலிருக்கே?" என்று கேட்கிறார்கள்.

"ஊருக்குப் போயிருக்கார்" என்று இவள் உள்ளே இருந்து பதில் சொல்கிறாள்.